பந்தல்குடிக் கல்லும் கல்லங்குறிச்சிக் கல்லும்

தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்துக்குச் சிமெண்ட் ஆலைகள் இரண்டு. 1970இல் தொடங்கியது விருதுநகர் மாவட்டம் ஆலங்குளத்தில் இருக்கிறது. 1979இல் தொடங்கியது அரியலூரில். ராம்கோவின் கதையும் ஏறக்குறைய இதேதான். 1960களின் தொடக்கத்தில் விருதுநகரை அடுத்த துலுக்கபட்டிப் பக்கம், இன்று ஆர்.ஆர். நகர் என்று வழங்கும் இடத்தில் முதல் ஆலை. பல ஆண்டுகள் கழித்து அரியலூர்ப் பக்கம் வேறு ஆலைகள். பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் என்று பேர் வாங்கிய கரிசல் சீமைக்கு இவர்கள் முதலில் வந்ததும், பிறகு அரியலூருக்குப் போனதும் ஒரே சரக்கைத் தேடித்தான்: சுண்ணாம்புக்கல்.

ஆலைக்காரர் கணக்கில் இரண்டு ஊர்க் கல்லும் கால்சியம் கார்பனேட். அரைத்துச் சூளைக்குள் விட்டபின் எது எந்த ஊர்க் கல் என்று சொல்ல முடியாது. சூளைக்குப் போகும் முன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கோ, நிலத்தட்டுகளின் வரலாற்றில் இரு வேறு முனைகள் தெரியும். விருதுநகர்க் கல் கண்டங்கள் மோதி ஒன்றானபோது வெந்தது. அரியலூர்க் கல் அந்தக் கண்டம் உடைந்து பிரிந்தபின் படிந்தது.

அருப்புக்கோட்டையை அடுத்த பந்தல்குடிக் குவாரிகளில் உடைத்த கல் ஒன்றை வெயிலில் திருப்பிப் பாருங்கள். கல்லுப்புப் பரல்களை நெருக்கி ஒட்டியது போல இருக்கும். ஒவ்வொரு பரலும் கால்சைட் படிகம். சாய்ந்த கட்டமாகவே உடையும், உடைந்த முகம் ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னும். நிறம் வெள்ளை, சாம்பல், சில இடங்களில் இளஞ்சிவப்பு. நடுவே பச்சைப் புள்ளிகள் தெரிந்தால் அது டயாப்சைட். பட்டுநூல் போன்ற வெள்ளை இழைகள் ஓடினால் அது பெரும்பாலும் வொல்லாஸ்டோனைட். எவ்வளவு தேடினாலும் ஒரு சிப்பி கிடைக்காது.

கல்லங்குறிச்சிக் கல்லில் சிப்பியைத் தவிர வேறு எதையும் தேட வேண்டியதில்லை. கம்பத்தையே பெருமாளாக வணங்கும் கலியுக வரதராஜர் கோயிலால் அந்த ஊரை நம்மில் பலருக்குத் தெரியும். நிலவியலாளருக்கு அது ஒரு சுண்ணாம்புப் படிவத்தின் பெயர். மங்கிய மஞ்சளும் பழுப்புமான அந்தக் கல்லில் கிரிஃபியா என்ற தடித்த, வளைந்த சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. உள்ளங்கை அளவு சிப்பிகள்கூட உண்டு. மேல் ஓட்டில் வளர்ச்சி வரிகளை விரலால் தடவி உணரலாம். ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழம் குறைந்த, வெதுவெதுப்பான கடலின் தரையில் அவை வாழ்ந்து, செத்து, அங்கேயே கிடந்தன. அதற்குமேல் அந்தக் கல்லுக்கு அதிகமாக ஒன்றும் நேரவில்லை.

பந்தல்குடிக் கல்லும் கடல் தரையில் படிந்த சுண்ணாம்புச் சேறுதான். அந்தக் கடல் இன்று உலகப் படத்தில் எங்கும் இல்லை. ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், தென்னிந்தியா, இலங்கை, அண்டார்டிகா ஆகியவற்றின் நிலத்துண்டுகள் ஒன்றையொன்று நெருக்கிச் சேர்ந்து கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஆயின. இடையில் கிடந்த கடல்கள் மூடின. கடலடிச் சேறும் மணலும் களிமண்ணும் மடிந்து, இமயம் போன்ற ஒரு மலைத்தொடரின் அடிவயிற்றுக்குள், 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போயின. அந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் சுண்ணாம்புச் சேறு முழுக்கப் புதிதாகப் படிகமானது. சிப்பியோ பாசியோ ஏதேனும் அடையாளம் இருந்திருந்தாலும் அப்போதே அழிந்துவிட்டது.

எவ்வளவு வெப்பம் என்பதற்கு ராஜபாளையம் ஒரு சான்று வைத்திருக்கிறது. அங்குள்ள பாறையில் சஃபிரின் என்ற கனிமமும் குவார்ட்ஸும் ஒட்டி உறவாடி இருப்பதை 2004இல் ஜப்பானிய, இந்திய ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்டார்கள். இவை இரண்டும் அப்படிச் சேர்ந்திருக்க 1000 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பம் வேண்டும். நிலத்தின் மேலோட்டுப் பாறை இவ்வளவு சூடாகியும் முழுவதும் உருகி ஓடாமல் நின்ற இடங்கள் உலகில் அதிகம் இல்லை. ராஜபாளையம் என்றால் நாயும் நூற்பாலையும் நினைவுக்கு வருகிற நமக்கு, உலகப் பாறையியல் ஆய்விதழ்களில் அந்த ஊர்ப் பெயர் திரும்பத் திரும்ப வருவது தெரியாது. அது பெருமைப்பட வேண்டிய விஷயம் என்பது என் கருத்து.

இன்னொரு ஒற்றுமையையும் சொல்ல வேண்டும். சிமெண்ட் சூளையில் சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் 1450 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். கல்லிலிருந்து கார்பன் டை ஆக்சைடு பிரிந்து போக, கால்சியம் சிலிகாவோடு சேர்கிறது. பந்தல்குடிக் கல்லில் நான் சொன்ன வொல்லாஸ்டோனைட் இழையும் கால்சியமும் சிலிகாவும் சேர்ந்ததுதான். நிலத்தடியில் அதே வகை வினை 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது. அப்போது பிரிந்த வாயு சுற்றியிருந்த நைஸ் பாறைக்குள் ஊடுருவி, அதன் நீர்ச்சத்தை விரட்டி, சில இடங்களில் அதைச் சார்னோகைட் என்ற பாறையாக மாற்றியது என்ற விளக்கமும் தென்னிந்தியப் பாறைகளை ஆராய்ந்தவர்களிடமிருந்து வந்ததே. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையிலும், கிரஷரில் ஜல்லியாகும் நம் கருங்கல்லிலும் பெரும்பங்கு அந்தச் சார்னோகைட்.

குவாரியின் வடிவத்திலேயே இந்த வேறுபாடு தெரிந்துவிடும். அரியலூரில் படிவங்கள் கிழக்கு நோக்கி லேசாகச் சாய்ந்து கிடக்கின்றன. மேல்மண்ணை விலக்கினால் கல் பரந்து கிடக்கும். குழியும் பரந்து விரியும். விருதுநகர்ப் பக்கத்தில் சுண்ணாம்பு, மோதலில் மடிந்த நாடாவாக, செங்குத்தாக நைஸ் பாறைகளுக்கு இடையில் ஓடுகிறது. குவாரிக்காரர் அந்த நாடாவைத் தொடர்ந்து தோண்ட வேண்டும். வளைந்தால் வளைய வேண்டும், நடுவில் சிலிகா மிகுந்த பட்டை குறுக்கிட்டால் ஒதுக்க வேண்டும். கல்லும் கடினம், துளை போட்டு வெடி வைக்காமல் நகராது. மடிப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக் கல் எடுக்கும் குவாரி மேஸ்திரி, கண்டங்கள் மோதிய திசையைத்தான் கணக்குப் போடுகிறார்.

அரியலூரின் கடல் எப்படி வந்தது? ஏறக்குறைய 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் கிழக்கு விளிம்பு அண்டார்டிகாவிடமிருந்து விலகத் தொடங்கியது. விளிம்பு இழுபட்டு, நீளநீளமாக வெடித்து, பள்ளங்கள் விழுந்தன. காவிரிப் படுகை அப்படி விழுந்த பள்ளம். ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் அதற்குள் கடல் ஏறியது. சில முறை பின்வாங்கி, சில முறை முன்னேறி, 6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை அந்தப் பக்கத்திலேயே இருந்தது. கல்லக்குடியில் பவளத்திட்டு வளர்ந்தது. காரைப் பகுதியின் களிமண்ணில் அம்மோனைட் என்ற கடலுயிரிகள் புதைந்தன. சாத்தனூரில் ஒரு மரம் கடலுக்குள் அடித்து வரப்பட்டு 18 மீட்டர் நீளக் கல்லாகிக் கிடக்கிறது. அதை 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் உலகுக்குத் தெரிவித்தார். கல்லமேட்டில் டைனோசர் எலும்பு. 1840களில் கேயும் கன்லிஃபும் பொறுக்கி அனுப்பிய சிப்பிகளிலிருந்து, பிளான்ஃபோர்டின் வரைபடம், ஸ்டோலிச்காவின் பெருந்தொகுப்பு என்று ஆய்வு நூல்கள் ஒரு வரிசையாகவே நிற்கின்றன.

விருதுநகர்க் கல்லுக்கு அப்படி வரலாறு எழுத ஆள் கிடைக்க வெகுகாலமாயிற்று. காரணம் எளிது. புதைபடிவம் இருந்தால் வயதைச் சொல்லலாம். வெந்து போன பாறைக்கு ஸிர்கான், மோனசைட் போன்ற கண்ணுக்குத் தெரியாத மணிகளைப் பிரித்து, அவற்றிலுள்ள யுரேனியம் எவ்வளவு ஈயமாகியிருக்கிறது என்று அளக்க வேண்டும். அதற்கான கருவிகள் பரவலானபின், கடந்த சில பத்தாண்டுகளில்தான், மதுரைக்கும் தென்காசிக்கும் இடைப்பட்ட நிலம் கோண்டுவானா சேர்ந்தபோது வெந்த இடங்களில் ஒன்று என்பது உறுதிப்பட்டது. அந்த நிலத்தின் தெற்கு எல்லையான அச்சன்கோவில் பிளவுப்பட்டையை மடகாஸ்கரின் ரனோட்சாரா பட்டையோடு ஆய்வாளர் பலர் பொருத்திப் பார்க்கிறார்கள். பந்தல்குடிக் கல்லுக்கு நெருங்கிய உறவான பளிங்குப் பாறை இலங்கையில் மாத்தளை, கண்டிப் பக்கம் கிடைக்கிறது.

மடகாஸ்கர் என்றதும் லெமூரியாவைப் பற்றி ஒரு சொல். 1864இல் விலங்கியலாளர் ஸ்கிளேட்டர், இந்தியாவிலும் மடகாஸ்கரிலும் ஒரே வகை உயிரினங்கள் இருப்பதற்கு விளக்கம் தேடி, இடையில் ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்றார். கண்டங்களே நகரும் என்பது அவருக்குத் தெரியாது. ஆய்வாளர் வேகனர் அதைச் சொன்னது 1912இல். நகர்வு உறுதியானபின் மூழ்கிய கண்டத்துக்குத் தேவை இல்லாமல் போயிற்று. ஏறக்குறைய 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை மடகாஸ்கர் நம் மேற்குக் கரையோடு ஒட்டியே இருந்தது. தமிழர் தம் தொன்மைக்கு மூழ்கிய கண்டம் ஒன்றைத் தேடியது எனக்குப் புரிகிறது. ஆனால் காலடியில், கையால் தொட்டுப் பார்க்கும்படி கிடக்கும் கல் அதைவிட வியப்பான வரலாற்றைச் சொல்லும்போது, அதைப் பாடப்புத்தகத்தில் சேர்க்காமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கோண்டுவானாவின் பிரிவு விருதுநகரையும் தொடாமல் விடவில்லை. மடகாஸ்கரும் பிறகு செஷல்ஸும் விலகிப் போன மேற்கு விளிம்பு உயர்ந்து, அரிக்கப்பட்டு, இன்றைய மேற்குத் தொடர்ச்சி மலையாக நிற்கிறது. கோண்டுவானா சேர்ந்தபோது வெந்த சார்னோகைட், கோண்டுவானா உடைந்தபின் மலையாக எழும்பித் தென்மேற்குப் பருவமழையை மறிக்கிறது. மலைக்குக் கிழக்கே சிவகாசி மழைமறைவில் காய்கிறது. தீக்குச்சியும் வெடிமருந்தும் உலர்த்த வறண்ட காற்று வேண்டும் என்பதால், 1920களில் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்யா நாடாரும் சண்முக நாடாரும் ஊன்றிய தொழில் இங்கே வேர்பிடித்தது.

கரிசலைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. கரிசல் மண் என்றாலே தக்காணத்து எரிமலைக் குழம்பிலிருந்து வந்தது என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். அந்தக் குழம்பு தமிழ்நாட்டுப் பக்கமே வரவில்லை. விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டிக் கரிசல், கால்சியம் மிகுந்த உள்ளூர் நைஸ், சுண்ணாம்புப் பாறைகள் குறைந்த மழையில் சிதைந்து உண்டானது. கிணறு வெட்டுகிறவர்களைக் கேட்டால் வரிசையாகச் சொல்வார்கள்: மேலே கரிசல், அதன்கீழ்ச் சுக்கான், அதன்கீழ்ப் பாறை. சுக்கானும் சுண்ணாம்புதான், மழைநீர் கரைத்துக் கீழே இறக்கி உறைய வைத்த இளைய கல்.

பட்டாசில் சிவப்பு வெளிச்சம் தருவது ஸ்ட்ரான்ஷியம். அதே தனிமம் கடல் சுண்ணாம்பிலும் சொற்பமாக உண்டு, கால்சியத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அதன் இரு ஐசோடோப்புகளின் விகிதம் கடல்நீரில் காலத்துக்குக் காலம் மாறிவந்ததால், சிப்பியில் அதை அளந்து அந்தக் கடலின் காலத்தைக் கணிக்கிறார்கள். கல்லங்குறிச்சிச் சிப்பிகள் போன்றவற்றுக்கு இது நல்ல கடிகாரம். பந்தல்குடி போன்ற வெந்த கல்லில் இந்தக் கடிகாரம் கலங்கியிருக்கும். மிகக் கவனமாகத் தேர்ந்த கல்லில்தான் பழைய கடலின் விகிதத்தைத் தேட முடியும்.

இந்த இரண்டில் நிலத்தட்டு அசைவைக் கற்பிக்க எது நல்ல பாடம் என்று கேட்டால் பெரும்பாலோர் அரியலூரைச் சொல்வார்கள். சிப்பியைக் கையில் கொடுத்தால் பிள்ளைக்குக் கடல் புரிந்துவிடும். நான் விருதுநகரைச் சொல்வேன். இந்தியத் தட்டு இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. வடக்கே நகர்ந்து ஆசியாவை நெருக்குகிறது. இமயத்துக்குக் கீழே, எந்தத் துளைக்கருவியும் எட்டாத ஆழத்தில், பாறைகள் இப்போதும் மடிந்து வெந்துகொண்டிருக்கின்றன. அந்த ஆழத்தில் என்ன நடக்கும் என்பதை மேலே கொண்டுவந்து திறந்து காட்டுகிற இடம் பந்தல்குடியும் ராஜபாளையமும். மேலிருந்த 20 கிலோமீட்டர் பாறையை மழையும் ஆறும் அரித்துக் கொண்டுபோய்விட்டதால் நமக்குக் கிடைத்த பார்வை அது.

அரியலூர்ப் பக்கத்துக்கு ஓரளவு மரியாதை கிடைத்திருக்கிறது. சாத்தனூர் மரமும் காரைப் பகுதியின் அரிப்பு நிலமும் தேசிய நிலவியல் நினைவுச் சின்னங்கள். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. சார்னோகைட்டுக்கும் சென்னைப் பரங்கிமலையில் அப்படி ஒரு சின்னம் உண்டு. விருதுநகர் மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லை. கல் எடுத்து முடித்த குழிகள் தண்ணீர் நிரம்பியோ குப்பை கொட்டப்பட்டோ போகும் முன், சுண்ணாம்பு நாடா மடிந்து திரும்பும் ஒரு சுவரை, இருபது முப்பது மீட்டர் நீளம் போதும், வேலியிட்டு, படிக்கட்டு அமைத்து, தமிழில் விளக்கப் பலகை வைத்துக் காக்கலாம். குத்தகை முடியும் முன் சுரங்கத்தை மூடும் திட்டம் கொடுப்பது சட்டப்படி ஆலைகளின் கடமை. அந்தத் திட்டத்தில் இந்தச் சுவரையும் ஒரு வரியாகச் சேர்க்கும்படி மாவட்ட நிர்வாகம் கேட்க வேண்டும்.