பட்டம் இல்லாத ராணி

புதுக்கோட்டை ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் மெல்போர்னில் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். எங்கள் ஊரில் இதைக் காதல் கதையாகச் சொல்வார்கள். எனக்கு இது ஒரு கோப்பின் கதையாகப் படுகிறது.

பிரிட்டிஷ் அரசு கல்யாணத்தை ரத்து செய்யவில்லை. 'ஹர் ஹைனஸ்' என்ற இரண்டு சொற்களைத் தர மறுத்தது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதன்பின் தானாக நடந்தது. 1916இல் பிறந்த மகன் சிட்னி வாரிசாக அங்கீகரிக்கப்படவில்லை. ஊரைவிட்டுப் போன ராஜா வெளிநாட்டிலேயே தங்கிவிட, 1922இல் சகோதரர் ரீஜண்ட் ஆனார். ராஜா 1928இல் பாரிஸில் இறந்தார், தகனம் லண்டனில். பட்டத்துக்கு வந்தவர் ஆறு வயது ராஜகோபாலத் தொண்டைமான்.

நிறபேதம் என்று சொல்லி முடித்துவிடலாம். அது உண்மை, ஆனால் பாதி உண்மை. ஐரோப்பிய அரச வம்சங்களில் 'மார்கனாட்டிக்' மணம் என்று ஒன்று உண்டு. மனைவி என்ற ஸ்தானம் கிடைக்கும். கணவனின் பட்டமும் பிள்ளைகளுக்கு வாரிசுரிமையும் கிடையாது. ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் 1900இல் சோஃபி சோடெக்கை மணந்தது இந்த நிபந்தனையில்தான். மோலிக்குப் பட்டம் மறுக்கப்பட்டது ஐந்தாம் ஜார்ஜ் காலத்தில். அவர் மகன் எட்டாம் எட்வர்ட் முடிதுறந்து 1937இல் வாலிஸ் சிம்ப்சனை மணந்தபோது, அந்த வெள்ளைக்காரிக்கும் 'ஹர் ராயல் ஹைனஸ்' மறுக்கப்பட்டது.

ஆக, இளவரசியை உண்டாக்குவது ரத்தமோ காதலோ அல்ல, மேலிடத்துக் கையெழுத்து. சமஸ்தானம் 1948இல் இந்தியாவோடு இணைந்தது. அதன் புது அரண்மனை இன்று கலெக்டர் அலுவலகம். மோலி 1967இல் பிரான்சில், கான் நகரில் இறந்தார். அவரை ராணி என்று எழுத நாம் இன்னமும் அந்தக் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.