பரம்பரை, மரபு, மரபணு: குற்றம் பற்றிய கருத்தாக்க வரலாறும் தமிழ்ச் சொல்லாக்கமும்

ஒருவர் குற்றவாளியாவதற்குப் பிறப்பு காரணமா, வளர்ப்பு காரணமா என்னும் வினா அறிவியல் அரங்கில் மட்டும் எழுந்ததன்று. இந்தியாவில் அது சட்டமாக வடிவெடுத்து, பல சமூகங்களின் வாழ்வை எண்பது ஆண்டுகள் கட்டுப்படுத்தியது. அவ்வரலாற்றில் சொற்கள் ஆற்றிய பங்கை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சட்டமும் அதன் பெயர்களும்

1871இல் இயற்றப்பட்ட குற்றப் பழங்குடிகள் சட்டம் முதலில் வட இந்தியப் பகுதிகளில் நடைமுறைக்கு வந்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் அதனைச் சென்னை மாகாணத்திற்கும் விரிவாக்கியது. ஒரு குழு குற்றக் குழுவென அறிவிக்கப்பட்டால் அவ்வறிவிப்பை நீதிமன்றத்தில் எதிர்க்க இயலாது. அக்குழுவினர் தம் பெயரைப் பதிவு செய்யவும், இடம்பெயர அனுமதி பெறவும் நேர்ந்தது.

தச்சர், நெசவாளர் போலத் தலைமுறைதோறும் குற்றத்தையே தொழிலாகக் கொண்ட சாதிகளும் உள்ளன என்பதே சட்டத்திற்கு ஆதரவாக முன்வைக்கப்பட்ட வாதமாகும். இது சாதித்தொழில் பற்றிய வாதமேயன்றி உயிரியல் வாதமன்று. 'பிறவிக் குற்றவாளி' என்னும் கோட்பாட்டுக்கு வழிவகுத்த லோம்புரோசோவின் நூல் 1876இல்தான் இத்தாலியில் வெளிவந்தது. 'ஜீன்' என்னும் சொல்லை யோகான்சன் உருவாக்கியது 1909இல். அங்கு 'பரம்பரை' எனக் கருதப்பட்டது வழக்கமே, குருதியன்று என்பதை மீனா ராதாகிருஷ்ணா 2001இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கியுள்ளார்.

சட்டத்தின் உள்முரண்பாடும் இதனையே காட்டுகிறது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் சேர்க்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. ஆந்திரப் பகுதியின் ஸ்டூவர்ட்புரம் போன்ற குடியிருப்புகளை இரட்சணிய சேனை நடத்தியது. குற்றம் சாட்டும்போது பிறப்பு சான்றாயிற்று. திருத்தும்போது சூழல் மருந்தாயிற்று. குருதியில் ஊறியது குற்றம் என்பதே உறுதியான நம்பிக்கையாக இருந்திருப்பின் பிள்ளைகளைப் பிரிப்பதற்குப் பொருளே இல்லை.

சட்டத்தின் ஆங்கிலத் தலைப்பில் பரம்பரையைக் குறிக்கும் சொல் இல்லை. குற்றம், பழங்குடி என்னும் இரு கருத்துகளே உள்ளன. தமிழில் நிலைபெற்ற பெயரோ 'குற்றப் பரம்பரைச் சட்டம்' என்பதாகும். ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்வது என்பதே 'பரம்பரை' என்னும் வடசொல்லின் பொருள். 'குரு பரம்பரை' என்பதில் குருதியுறவு வேண்டுவதில்லை. 'பரம்பரை நோய்' என்பதிலோ அதுவே அடிப்படை. இவ்விரு பொருளுக்கும் இடமளிக்கும் சொல் சட்டத்தின் பெயராயிற்று. எனவே வழக்கம் பற்றிய வாதம் பிறவி பற்றிய தீர்ப்பாகவே படிக்கப்பட்டது. சட்டத்திற்கு உட்பட்ட மக்களோ அதனை 'ரேகைச் சட்டம்' என்றனர். ஆட்சியாளரின் கொள்கையை ஏற்காமல், தம் கைவிரலை உருட்டிப் பதித்த செயலையே அவர்கள் பெயராக்கினர் என்பது குறிப்பிடத்தக்கது. 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தவர்கள் இப்பதிவை எதிர்த்தவர்களே.

2. மரபு

சென்னை மாகாணத்தில் 1947இலும், இந்தியா முழுவதிலும் 1952 ஆகஸ்டு 31இலும் சட்டம் நீக்கப்பட்டது. அறிவிப்பு நீக்கப்பட்டவர் என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடருக்குத் தமிழக அரசு வழக்கில் 'சீர்மரபினர்' என்னும் சொல் அமைந்தது. ஆங்கிலத் தொடர் அரசின் செயலைக் குறிக்க, தமிழ்ச்சொல் மக்களின் மரபைக் குறிக்கிறது. திரும்பப் பெறப்பட்டது அரசாணை. சீர்பெற்றதாகச் சொல்லப்படுவதோ மக்களின் மரபு.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலாகிய மரபியல், உயிர்களின் இளமைப்பெயர், ஆண்பாற்பெயர், பெண்பாற்பெயர் ஆகியவற்றின் வழக்கை வரையறுக்கிறது. அங்கு மரபு என்பது சான்றோர் வழக்கு. இன்று அதே 'மரபியல்' பாரம்பரியப் பண்புகளை ஆராயும் அறிவியலின் பெயராகும். 'மரபணு' அதன் கலைச்சொல். வழக்கையும் உடற்கூற்றையும் ஒரே வேர்ச்சொல் சுட்டும்போது மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு மிகுகிறது.

3. இன்றைய ஆய்வும் மொழிபெயர்ப்பும்

1993இல் புருன்னர் குழுவினர் டச்சுக் குடும்பம் ஒன்றில் மோனோஅமைன் ஆக்சிடேஸ்-ஏ நொதியை முற்றிலும் இழந்த ஆண்களிடம் கட்டுக்கடங்காத வன்செயல்களைக் கண்டறிந்தனர். இஃது அரிதினும் அரிதான நிலை. 2002இல் காஸ்பி குழுவினர் நியூசிலாந்தின் டுனிடின் நகரில் குழந்தைப்பருவம் முதல் கண்காணிக்கப்பட்டு வந்த 442 ஆண்களை ஆராய்ந்தனர். இந்நொதி குறைவாகச் செயல்படும் மரபணு வடிவம் தனித்து நின்று வன்முறைக்குக் காரணமாகவில்லை. இளமையில் கொடுமைக்கு ஆளானவர்களிடையே அவ்வடிவம் உடையோரிடம் வன்முறை மிகுந்தும், நொதி மிகுதியாகச் செயல்படுவோரிடம் குறைந்தும் காணப்பட்டது. பின்வந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒருபடித்தாக இல்லை.

அதே 2002இல் ரீ, வால்ட்மன் ஆகியோர் இரட்டையர், தத்துப்பிள்ளைகள் பற்றிய 51 ஆய்வுகளைத் தொகுத்து, சமூக ஒழுங்கை மீறும் நடத்தையில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 41 விழுக்காடு மரபணு சார்ந்தது என மதிப்பிட்டனர். இவ்வெண் மக்கள்தொகுதி ஒன்றில் மாந்தரிடையே உள்ள வேறுபாட்டின் அளவாகும். தனி ஒருவரின் நடத்தையில் 41 விழுக்காடு பிறவியில் வந்தது என மொழிபெயர்ப்பது பிழை. சாதிகளுக்கிடையே உள்ள வேறுபாட்டிற்கு அதனைப் பொருத்துவது பெரும்பிழை.

2006இல் நியூசிலாந்தில் இம்மரபணு வடிவம் 'போர்வீரர் மரபணு' என்னும் பெயரால் மாவோரி மக்களோடு இணைத்துப் பேசப்பட்டுக் கடும் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. அவ்வடிவம் பிற மக்களிடமும் பரவலாக உள்ளது. தனிமனித ஆய்விலிருந்து ஒரு சமூகத்திற்குத் தாவிய அப்பெயர் 1871இன் தருக்கத்தையே மீண்டும் நிகழ்த்தியது எனலாம்.

முடிவுரை

எனவே 'குற்ற மரபணு' என்னும் தொடர் தவிர்க்கத்தக்கது. உளவியலார் பொய், முரட்டுத்தனம் முதலிய சிறுவர் நடத்தைகளையும் உள்ளடக்கிக் கூறும் கலைச்சொல்லுக்கு, காவல்துறையும் செய்தித்தாள்களும் ரௌடிகளைக் குறிக்க ஆளும் 'சமூக விரோத' என்னும் அடையைப் பயன்படுத்துவதும் மறுபரிசீலனைக்கு உரியது. ஐந்து வயதுக் குழந்தையை அச்சொல்லால் சுட்டுவது நோயறிதலாகாது, முத்திரை குத்துதலேயாகும். 'குற்றப் பரம்பரை' என்னும் பெயர், சட்டம் மறைந்து எழுபது ஆண்டுகள் கடந்த பின்னும் வழக்கில் நிலைத்துள்ளது. கலைச்சொல் ஆக்குவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.