அமெச்சூர் வானொலிக் கருவிகளின் மின் வழங்கிப் பழுதுகள்

அமெச்சூர் வானொலிக் கருவிகளின் மின் வழங்கிப் பழுதுகள் என்பவை, செய்தியை அனுப்பவும் பெறவும் ஒருங்கே பயன்படும் டிரான்சீவர் கருவிக்கு நேர் மின்னோட்டம் உரிய அளவில் கிடைக்காததால் தோன்றும் குறைபாடுகள் ஆகும். கருவியின் உட்பழுது எனக் கருதப்படும் பல குறைகள் உண்மையில் மின் வழங்கியிலோ இணைப்புக் கம்பியிலோ இருப்பவை. எனவே கருவியின் மூடியைத் திறப்பதற்கு முன்னர் இவற்றைச் சோதிப்பதே முறையாகும்.

பின்னணி

தற்காலச் சிற்றலைக் கருவிகளில் பெரும்பாலானவை 13.8 வோல்ட்டில் இயங்குமாறு வடிவமைக்கப்படுகின்றன. ஓடும் மகிழுந்தில் ஈய-அமில மின்கல அடுக்கு மின்னேற்றம் பெறும் அளவு ஏறத்தாழ இதுவே. பல தயாரிப்பாளர்கள் இதில் 15 விழுக்காடு ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கின்றனர்; அதாவது ஏறத்தாழ 11.7 முதல் 15.9 வோல்ட்டு வரை. 100 வாட்டுக் கருவி ஒன்று செய்தி கேட்கும்போது 1 முதல் 2 ஆம்பியர் வரையும், முழுத்திறனில் அனுப்பும்போது 20 ஆம்பியர் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாகவும் மின்னோட்டம் எடுக்கும். இந்தப் பத்து மடங்கு வேறுபாட்டினால்தான் பழுது மறைந்து நிற்கிறது. கேட்கும்போது குறையேதும் தெரியாத மின் வழங்கி, பேசத் தொடங்கியதும் துவண்டுவிடும்.

பளுவின்போது மின்னழுத்த வீழ்ச்சி

பேச்சின் உச்சங்களில் திரை மங்குதல், கருவி தானாக அணைந்து மீண்டும் இயங்குதல், குரல் நடுங்குதல், பழைய கருவிகளில் மோர்சுக் குறிப்பின் சுருதி வழுக்குதல் ஆகியன இதன் அறிகுறிகள். அனுப்பாத நிலையில் மல்டிமீட்டர் 13.8 காட்டுவதால் பயனில்லை. ஆண்டெனாவுக்குப் பதிலாகப் போலிப் பளுவை இணைத்து, முழுத்திறனில் சில நொடிகள் அனுப்பியவாறே அளக்க வேண்டும். முதலில் மின் வழங்கியின் முனைகளிலும், பின்னர் கருவியின் பின்புற இணைப்பிலும் அளக்க வேண்டும். முதல் அளவே தாழ்ந்தால் குறை மின் வழங்கியில் உள்ளது. முதலாவது சரியாகவும் இரண்டாவது தாழ்ந்தும் இருந்தால் கம்பி, உருகி, உருகியின் தாங்கி, இணைப்பிகள் ஆகியவற்றில் ஒன்று காரணமாகும்.

வீட்டு மின்னிணைப்பில் பயன்படும் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 7 மில்லி ஓம் தடை கொண்டது. 3 மீட்டர் தொலைவுக்குப் போக்கும் வரவும் சேர்ந்து 6 மீட்டர். தடை 42 மில்லி ஓம். ஓமின் விதிப்படி 20 ஆம்பியரில் 0.84 வோல்ட்டு கம்பியிலேயே இழக்கப்படும். 6 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இவ்விழப்பு 0.4 வோல்ட்டுக்கும் குறைவு. களிம்பேறிய உருகித் தாங்கி ஒன்று இதைவிடக் கூடுதலாக இழக்கச் செய்யலாம். அனுப்பிய பின் தொட்டுப் பார்த்தால் சுடும் இணைப்பே பெரும்பாலும் குற்றவாளி.

உருகி எரிதல்

பல கருவிகளில் மின் நுழைவாயின் குறுக்கே ஒரு காப்பு டையோடு உள்ளது. நேர், எதிர் முனைகள் மாறி இணைக்கப்பட்டால் இது கடத்தி, உருகியை எரித்துக் கருவியைக் காக்கும். அவ்வேளையில் டையோடு குறுக்கிணைப்பாகிவிடுவதுண்டு. அதன்பின் முனைகளைச் சரியாக இணைத்தாலும், கருவியின் ஆளி அணைந்திருக்கும்போதே புதிய உருகி எரியும். உருகிக்குப் பதிலாகச் செப்புக் கம்பியைச் சுற்றுவது, சில ரூபாய் டையோடுப் பழுதை எரிந்த சுற்றுப்பலகையாக மாற்றிவிடும்.

மின்னழுத்த மிகை

எல்லாப் பழுதுகளிலும் கேடானது இதுவே. 2என்3055 போன்ற டிரான்சிஸ்டர்களைக் கொண்ட நேரியல் மின் வழங்கியில், அவற்றுள் ஒன்று சேகரிப்பானுக்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே குறுக்கிணைப்பாகிவிட்டால், சீராக்கப்படாத 20 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் நேரே கருவியை அடையும். பல கருவிகளில் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் ஆளி அணைந்திருக்கும்போதும் மின் முனையுடன் இணைந்தே இருப்பதால், ஆளியை அணைத்து வைப்பது காப்பாகாது. ஏறத்தாழ 15 வோல்ட்டில் தூண்டப்பட்டு வெளியீட்டைக் குறுக்கிணைத்து உருகியை எரிக்கும் தைரிஸ்டர் காப்புச்சுற்று இதற்கெனவே அமைந்தது. வீட்டில் கட்டப்படும் மின் வழங்கிகளில் பெரும்பாலும் விடுபடுவதும் இதுவே. பழுதுபார்த்த மின் வழங்கியைக் கருவியுடன் இணைக்கும் முன் மகிழுந்தின் முகப்பு விளக்கைப் பளுவாக வைத்துச் சோதிப்பது நன்று.

இரைச்சல்

50 ஹெர்ட்சு மின் வழங்கலில் முழு அலைதிருத்தியின் இயல்பான அதிர்வு 100 ஹெர்ட்சு; வடிகட்டும் மின்தேக்கி உலர்ந்துவிட்டால் இது அனுப்பும் குரலிலும் ஏறும். 50 ஹெர்ட்சு முனகல் கேட்டால் திருத்தியின் டையோடு ஒன்று திறந்திருக்கக்கூடும். சிற்றலைப் பட்டை முழுதும் சம இடைவெளியில் இரைச்சல் கேட்டால், கருவியை மின்கல அடுக்கில் இயக்கிப் பார்க்க வேண்டும். அப்போது இரைச்சல் மறைந்தால் காரணம் நிலைமாற்று மின் வழங்கி ஆகும். போலிப் பளுவில் சரியாக இயங்கி, ஆண்டெனாவில் மட்டும் மின்னழுத்தம் தடுமாறினால், வானொலி அலையே மின் வழங்கியினுள் புகுகிறது எனக் கொள்ளலாம். கம்பிகளை ஃபெரைட் வளையத்தில் சுற்றுவது உதவும்.

நிலைமாற்று மின் வழங்கியின் உள்ளே 230 வோல்ட்டு மின்சாரம் திருத்தப்பட்டு ஏறத்தாழ 325 வோல்ட்டாக மின்தேக்கியில் நிற்கிறது. மின் இணைப்பைத் துண்டித்த பின்னும் இது உயிருக்கு ஆபத்தானது. வெற்றிடக் குழாய்க் கருவிகளில் இவ்வழுத்தம் இன்னும் கூடுதல். தடை ஒன்றின் வழியாக மின்தேக்கியை வெறுமையாக்கி, அளந்து உறுதிசெய்த பின்னரே கை வைக்க வேண்டும்.

மின்கல அடுக்கில் இயக்குதல்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்த இந்திய அமெச்சூர் வானொலியாளர்கள் தகவல் தொடர்புக்கு உதவினர். இத்தகைய வேளைகளில் பொது மின்சாரத்தை நம்ப இயலாது. முழுமையாக மின்னேற்றிய ஈய-அமில அடுக்கு ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட்டு மட்டுமே தருவதால், கருவியின் கீழ் எல்லைக்கு மேல் ஒரு வோல்ட்டுக்கும் குறைவான இடைவெளியே எஞ்சுகிறது. மெல்லிய கம்பி அதையும் விழுங்கிவிடும். அந்நிலையில் திறனை 100 வாட்டிலிருந்து 50 ஆகக் குறைத்தால், எதிர்முனையில் குறிகை 3 டெசிபெல் மட்டுமே தாழும். எடுக்கும் மின்னோட்டமும் மின்னழுத்த வீழ்ச்சியும் கணிசமாகக் குறையும்.