சொந்தப் பிட்சும் மூன்று புள்ளியும்

ரஞ்சிக் கோப்பையைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். ஐ.பி.எல். காலத்தில் அதை யார் படிப்பார்கள் என்றார்கள். என் வயதுக்காரர்கள் படிப்பார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

உள்ளூரில் ஆடினால் பாதி வெற்றி என்று நாம் எல்லோரும் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். மண் நம்முடையது, தண்ணீர் விடுகிறவர், ரோலர் இழுக்கிறவர் எல்லாம் நம் ஆட்கள். நமக்குச் சுழல் பந்து வீச்சாளர்கள் இருந்தால் பிட்சைக் காய விடலாம், மட்டையாளர்கள் இருந்தால் அதைச் சிமெண்ட் தரை போல ஆக்கலாம். ஆனால் என் கணக்கில் பிட்ச் பாதிதான். அந்தப் பிட்சில் எதைச் சாதித்தால் எத்தனை புள்ளி என்று விதி எழுதுகிறவர் கையில் இருக்கிறது மறுபாதி. முப்பத்தைந்து வருஷம் அரசாங்க விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் என்பதால் எனக்கு அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

ரஞ்சியின் முதல் ஆட்டமே சேப்பாக்கத்தில்தான் நடந்தது. 1934 நவம்பர் 4, மெட்ராஸும் மைசூரும். மைசூர் 48, 59. மெட்ராஸ் 130. ஏ.ஜி. ராம்சிங் பதினோரு விக்கெட் எடுத்தார். ஒரே நாளில் ஆட்டம் முடிந்துவிட்டது.

1973 மார்ச்சில் அதே மைதானத்தில் இறுதி ஆட்டம், தமிழ்நாடும் பம்பாயும். பம்பாய் அதற்குமுன் தொடர்ந்து பதினான்கு முறை கோப்பையைக் கொண்டுபோயிருந்தது. நம்மிடம் வெங்கட்ராகவனும் வி.வி. குமாரும் இருந்தார்கள். பிட்ச் முதல் நாளிலிருந்தே சுழன்றது. வாடேகரின் அணி 151 ரன்னில் சுருண்டதும் இந்த வருஷம் நமக்குத்தான் என்று எங்கள் அலுவலகத்தில் பேச்சு. நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகவில்லை. பக்கத்து மேஜைக்காரர் மூன்றாம் நாள் ஆட்டம் பார்க்க ஒரு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, முதல் நாள் சாயங்காலமே பஸ் ஏறி, மயிலாப்பூரில் மாமா வீட்டில் தங்கினார்.

நடந்தது என்ன? அதே பிட்சில் பத்மாகர் சிவால்கர் பந்தைக் கையில் எடுத்தார். பதினாறு ரன் கொடுத்து எட்டு விக்கெட். நாம் 80. இரண்டாவது இன்னிங்ஸில் பம்பாய் 113 எடுக்க, நாம் 61. சிவால்கருக்கு ஐந்து, மீதி ஐந்தும் ஏக்நாத் சோல்கருக்கு. மூன்றாம் நாளின் முதல் பந்தில் கடைசி விக்கெட் விழுந்தது. நண்பர் பார்த்தது அந்த ஒரு பந்து. "ஒரு பந்துக்கு ஒரு சி.எல்." என்று ஓய்வு பெறும்வரை அவரைக் கேலி செய்தோம்.

சுழலும் பிட்சு எந்த ஊர்க்காரனின் விரல் என்று பார்ப்பதில்லை. நான்கு இன்னிங்ஸும் முழுதாக ஆடி முடியும் பிட்சைப் போட்டால், எதிரணியிலும் ஒரு சிவால்கர் இருக்கிறாரா என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு நேர்மாறான பிட்சும் உண்டு. அதைப் புரிந்துகொள்ள முதல் இன்னிங்ஸ் முன்னிலை என்ற நம்முடைய விசித்திரமான விதி தெரிய வேண்டும். ஆட்டம் டிரா ஆனாலும், முதல் இன்னிங்ஸில் ஒரு ரன் கூட எடுத்திருந்தால் நாக் அவுட்டில் அவர்களுக்கே வெற்றி. நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் பந்து என்றால் கால்பந்து, கிரிக்கெட் தெருவில் கற்றது. பிடித்த விளையாட்டைப் பற்றி ஒரு முறை கட்டுரை எழுதச் சொன்னார்கள். ஆட்டம் 'மாட்ச் நுல்', அதாவது டிரா, ஆகவே பம்பாய் வென்றது என்று பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தேன். எங்கள் முசியே இரண்டையும் சிவப்பு மையில் சுழித்து, ஏதாவது ஒன்றைச் சொல் என்று ஓரத்தில் எழுதினார். அந்த மனிதருக்கு நான் கடைசிவரை விளக்க முடியவில்லை.

பம்பாயின் பதினைந்து வருஷ ஆட்சி முடிந்ததே இந்த விதியால்தான். 1974 அரையிறுதியில் பெங்களூரில் பிரசன்னாவின் கர்நாடகம் முதல் இன்னிங்ஸ் முன்னிலையில் அவர்களை வெளியேற்றியது. 1982 இறுதியில் டெல்லியில் கர்நாடகம் 705 எடுத்தும் தோற்றது. டெல்லி 8 விக்கெட்டுக்கு 707! அந்தப் பிட்சில் பந்து வீசியவர்களை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது. 1990 இறுதி இன்னும் வேடிக்கை. கல்கத்தாவில் மழை. டெல்லி 278 ஆல் அவுட், வங்காளம் 4 விக்கெட்டுக்கு 216. முதல் இன்னிங்ஸே முடியவில்லை. விக்கெட்டுக்கு எத்தனை ரன் என்று வகுத்துப் பார்த்து, ஐம்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு வங்காளத்துக்குக் கோப்பையைக் கொடுத்தார்கள்.

இனி 2012 ஜனவரி. மறுபடியும் சேப்பாக்கம், மறுபடியும் இறுதி ஆட்டம். எதிரே ராஜஸ்தான். இந்த முறை பிட்ச் மட்டையாளர்களுக்கானது. டாஸ் ராஜஸ்தானுக்கு விழுந்தது. அவர்கள் அவசரமே படவில்லை. வினீத் சக்சேனா 257. இரண்டு நாளுக்கு மேல் ஆடி 621. நாம் 295. மிச்ச ஆட்டம் சம்பிரதாயம். ஜெயிப்பதற்கு இருபது விக்கெட் எடுக்க வேண்டியதில்லை, பத்து எடுத்தால் போதும் என்று விதி சொல்லும்போது, அப்படிப்பட்ட பிட்சில் டாஸ் ஜெயித்தவன் வேறென்ன செய்வான்? 1973இல் பிட்ச் அதிகம் சுழன்று தோற்றோம், 2012இல் சுழலாமல் தோற்றோம். இரண்டும் நம் சொந்த மண்.

லீக் ஆட்டங்களில் இந்த விதி இன்னும் ஆழமாக வேலை செய்கிறது. அந்த வருஷம் வரை நேரடி வெற்றிக்கு 5 புள்ளி, டிராவில் முன்னிலைக்கு 3, பின்தங்கியவருக்கு 1. அடுத்த பருவத்தில் வெற்றிக்கு 6 ஆக்கினார்கள். ஒரு புள்ளிதானே என்று நினைப்பீர்கள். கணக்கைப் பாருங்கள். ஏழு ஆட்டத்திலும் டிரா செய்து முன்னிலை மட்டும் வாங்கும் அணிக்கு 21. நான்கில் ஜெயித்து மூன்றில் தோற்கும் அணிக்குப் பழைய விதிப்படி 20, புதிய விதிப்படி 24. அந்த ஒரு புள்ளியில் வரிசையே தலைகீழ். இன்னிங்ஸ் வித்தியாசத்திலோ பத்து விக்கெட்டிலோ வென்றால் இப்போது 7 வேறு. சொந்த மைதானத்தில் செத்த பிட்சைப் போட்டு மூன்று புள்ளி பொறுக்குவதைவிட, துணிந்து உயிருள்ள பிட்ச் போடுவது லாபம்.

துணிச்சல் எல்லை மீறினால் இரண்டு நாளில் ஆட்டம் முடிந்து புகார் கிளம்புகிறது. அதனால் 2016-17இல் எல்லா ஆட்டங்களையும் இரண்டு அணிக்கும் சொந்தமில்லாத ஊரில் வைத்தார்கள். பிட்ச் தந்திரம் ஒழிந்தது, பார்க்க வரும் பத்து பேரும் ஒழிந்தார்கள். இந்தூரில் மும்பையை வென்று குஜராத் முதல் முறை கோப்பை வாங்கியது. அடுத்த வருஷமே பழையபடி சொந்த ஊர். நல்ல வேளை. 2018-19இல் நம் புதுவையும் ரஞ்சிக்குள் வந்தது. உள்ளூரில் ஆட்டமே இல்லையென்றால் இங்கே துத்திப்பட்டில் யார் எதைப் பார்த்திருக்க முடியும்?

2025இல் கேரளம் காலிறுதியில் ஒரே ஒரு ரன் முன்னிலை, அகமதாபாத் அரையிறுதியில் இரண்டு ரன் முன்னிலை என்று இறுதிக்கு வந்ததை நீங்களும் படித்திருப்பீர்கள். இறுதி ஆட்டம் நாகபுரியில், விதர்பாவின் சொந்த மண்ணில். விதர்பா 379, கேரளம் 342. ஆட்டம் டிரா, கோப்பை விதர்பாவுக்கு. முசியே இருந்திருந்தால் சிவப்புப் பேனாவைத் தேடியிருப்பார். அது மார்ச் 2ஆம் தேதி. மறுநாள் மும்பையில் சிவால்கர் காலமானார். முதல்தர ஆட்டங்களில் 589 விக்கெட் எடுத்தும், பேடி காலத்தில் பிறந்ததால், இந்தியாவுக்கு ஒரு டெஸ்ட் கூட ஆடாதவர்.