சிவகாசி நாட்காட்டிப் படங்களின் பரவல்

கொரியத் தொலைக்காட்சித் தொடர்களும் பாடல்களும் 1990களின் இறுதியில் சீனாவிலும் அடுத்த சில ஆண்டுகளில் ஜப்பானிலும் பரவி, பின்னர் தமிழ்க் குரலேற்றத்துடன் புதுயுகம் தொலைக்காட்சி வழியே இங்கும் வந்து சேர்ந்தன. இதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசி, வெகுசன மக்கள் விரும்பும் படங்களை அச்சிட்டு, தமிழே அறியாத வட்டாரங்களின் சுவர்களுக்கும் அனுப்பத் தொடங்கியிருந்தது.

இந்தத் தொழிலின் வேர் தீப்பெட்டியில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியச் சந்தையை ஆண்டவை சுவீடன், ஜப்பான் தீப்பெட்டிகள். ஜப்பானியர் இந்துத் தெய்வங்களின் உருவங்களையே லேபிள்களில் அச்சிட்டு இங்கு விற்றனர். 1922இல் இறக்குமதித் தீர்வை உயர்ந்தது. அதையொட்டிக் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1923இல் சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கினர். மழை குறைந்த கரிசல் பூமியின் வறண்ட காற்று மருந்து தோய்த்த குச்சிகளை உலர்த்த உதவியது. பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால் அச்சகங்கள் பெருகின. அச்சு மை காய்வதற்கும் அந்தக் காற்றே துணைநின்றது. பட்டாசுக் கட்டுகளின் வண்ணத்தாள்கள் பின்னர் அந்த அச்சகங்களுக்கு மேலும் வேலை கொடுத்தன.

தொடக்ககால முறை ‘லித்தோ’ எனப்படும் கல்லச்சு ஆகும். வழவழப்பாகத் தேய்த்த கல்லில் எண்ணெய்ப்பசையுள்ள மையால் படத்தை வரைந்து, கல்லை நீரால் நனைத்து மை உருளையை ஓட்டினால், நனைந்த இடம் மையை ஏற்காமல் வரைந்த இடம் மட்டும் ஏற்கும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல் வேண்டும் என்பதால், ஒரு தேவியின் சேலை பல கற்களைக் கடந்தே தாளில் முழுமை பெற்றது. பின்னர் உலோகத் தகட்டிலிருந்து ரப்பர் உருளை வழியாகத் தாளுக்கு மையை மாற்றும் ஆப்செட் எந்திரம் வந்தபின் அச்சின் வேகம் பன்மடங்காயிற்று.

லேபிள்களை அடுத்து அச்சேறிய நாட்காட்டிப் படங்களை வரைந்தவர்களுள் முதன்மையானவர் சி. கொண்டையராஜு (1898–1976). சென்னைக் கலைப்பள்ளியில் பயின்று, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை தீட்டி, பின்னர் கோவில்பட்டியில் தங்கித் தேவி ஆர்ட் ஸ்டுடியோவை நடத்திய அவரும், டி.எஸ். சுப்பையா முதலிய மாணவர்களும் வரைந்த தெய்வங்கள், நாடக மேடையில் நிற்பவர்களைப் போலப் பார்ப்பவரை நேராக நோக்கின. பின்னால் அருவியும் அரண்மனைத் தூணும் திரைச்சீலையாகவே விரிந்தன. ஓவியர் ரவி வர்மாவின் சாயல் இவற்றில் உண்டு என்றாலும், வெறும் பிரதி என்று ஒதுக்குவது மேடை தந்த இந்தக் கண்ணை மறப்பதாகும்.

ஆடிப்பெருக்கன்று வெளியாகும் புதிய நாட்காட்டி மாதிரி ஆல்பங்களைத் தூக்கிக்கொண்டு முகவர்கள் ஊர் ஊராகச் செல்வதும், வணிகர் படத்தைத் தேர்ந்து தம் கடைப் பெயரை அடியில் அச்சிடச் சொல்வதும் இத்தொழிலின் நடைமுறை. ஒரே இலட்சுமி படம் வங்க எழுத்தில் துணிக்கடையின் பெயரையும், இந்தி எழுத்தில் மளிகைக்கடையின் பெயரையும் தாங்கிச் செல்ல முடிந்தது. வடக்கத்திய வாங்குவோருக்கு ஏற்ப முகமும் அணிகலனும் மாற்றி வரையப்பட்டதும் உண்டு.

பிறர் சுவைக்கேற்ப ஆக்கும் இந்த வழக்கம் கொரியருக்கும் புதிதன்று. முன்பு இந்தியாவுக்குத் தீப்பெட்டி அனுப்பிய சுவீடனின் இசையமைப்பாளர்கள்தாம் இன்று கொரியக் குழுக்களுக்குப் பல மெட்டுகளை அமைத்துத் தருகின்றனர்! எனினும் ஒரு வேறுபாடு பெரிது. 1999இல் பண்பாட்டுத் தொழில்களை வளர்க்கத் தனிச் சட்டமே இயற்றிய கொரிய அரசு, பாடலோடு நாட்டின் பெயரையும் பரப்பியது. சிவகாசிப் படமோ கடைக்காரர் இனாமாகக் கொடுத்த விளம்பரம்; அதில் பெரிதாகத் தெரிய வேண்டியது கடையின் பெயரே, ஊரின் பெயரோ ஓவியரின் கையெழுத்தோ அன்று. ஸ்டீபன் இங்லிஸ், கஜ்ரி ஜெயின் ஆகிய ஆய்வாளர்கள் எழுதிய பின்னரே, பூசையறைகளில் சட்டமிட்டு வணங்கப்பட்ட அந்தப் படங்களை வரைந்தவர் யார், அச்சிட்ட ஊர் எது என்பவை கலை வரலாற்றில் இடம்பெற்றன.