கடலடியில் கிடக்கும் செல்வம்

பணம் என்றால் மடியில் முடிந்து வைப்பது, பெட்டகத்தில் பூட்டி வைப்பது என்றுதான் நாம் அறிந்திருக்கிறோம். தெருவோரத்திலே, பூட்டும் காவலுமின்றி, மழையில் நனைந்து பாசி பிடித்துக் கிடக்கும் பணத்தை நான் கண்டது மேற்குப் பசிபிக்கிலுள்ள யாப் தீவிலே. இன்று அது மைக்ரோனீசியக் கூட்டாட்சி நாடுகளின் ஓர் அங்கம்.

ஊருக்குள் நுழையுமுன், வழிகாட்டிய முதியவர் பச்சிலையொன்றைப் பறித்து என் கையில் தந்தார். பகையோடு வரவில்லை என்பதற்கு அது அடையாளமாம். அவர் கையிலே ஓலைக்கூடை. அதனுள்ளே பச்சைப் பாக்கு, வெற்றிலை, பவளப்பாறையைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு. நம்மூர்த் தாத்தா ஒருவரோடு நடப்பது போலிருந்தது எனக்கு.

பாதையோரம் எங்கும் வட்டக் கற்கள். திரிகைக் கல்லைப்போல நடுவிலே துளை. சில கையகலம், சில என்னிலும் உயரம். ஆகப் பெரியது 3.6 மீற்றர் விட்டமும் 4 தொன் எடையும் கொண்டது என்பர். ‘ரை’ எனப்படும் இக்கற்கள் யாப்பின் மண்ணுக்குரியவை அல்ல. 400 கிலோமீற்றருக்கும் அப்பால், பலாவ் தீவுகளின் சுண்ணக்கற் பாறைகளிலே சிப்பியாலும் கல்லாலும் செதுக்கி, துளையில் மரத்தைச் செருகிச் சுமந்து, வள்ளத்தில் வந்தவை. போனவர் எல்லாரும் திரும்பவில்லை.

கல்லின் பருமனை மட்டும் பார்த்து எவரும் பெறுமதி சொல்வதில்லை. யார் கொண்டுவந்தார், வழியில் யார் மாண்டார், எந்தக் கலியாணத்தில் கைமாறிற்று என்ற வரலாறும் வேண்டும். கைமாறினாலும் கல் பெரும்பாலும் கிடந்த இடத்திலேயே கிடக்கும். ஊர் அறிந்தால் போதும். 1903 இல் இங்கு தங்கிய அமெரிக்கரான வில்லியம் ஃபர்னஸ், தமது 1910 ஆம் ஆண்டு நூலில் ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறார். அவர்களின் முன்னோர் கொண்டுவந்த பெருங்கல் புயலிலே கடலில் மூழ்கிப் போயிற்று. பின்வந்த எவரும் அதைக் கண்டதில்லை. ஆயினும் அது செல்வக் குடும்பமே! இந்நூலைப் பற்றிப் பொருளியலறிஞர் கெயின்ஸ் 1915 இல் எழுதினார். 1991 இல் மில்டன் பிரீட்மன் இக்கதையை மீண்டும் எடுத்தாண்டார். பணத்தை விளக்க அவர்களுக்கு நல்லதோர் உதாரணம் கிடைத்தது. கல்லுக்காகக் கடலோடு போனவர்களை யார் நினைத்தார்கள் என்பதுதான் என் மனக்குறை.

யாப் மக்கள் நினைத்தார்கள். 1871 இல் கப்பலுடைந்து இங்கு ஒதுங்கியவர் ஐரிஷ்காரரான டேவிட் ஓகீஃப். பின்னர் இரும்புக் கருவிகளும் கப்பலும் கொடுத்துக் கற்களை வெட்டுவிக்க உதவினார். கூலியாகக் கொப்பறாவும் கடலட்டையும் பெற்றார். பெரிய பெரிய கற்கள் வந்திறங்கின. ஆனால், உயிரைப் பணயம் வைத்துக் கொணர்ந்த பழைய சிறு கற்களுக்கிருந்த மதிப்பு அவற்றுக்குக் கிட்டவில்லை.

ஸ்பெயினிடமிருந்து 1899 இல் தீவை விலைக்கு வாங்கிய ஜேர்மனியர், பாதைகளைச் செப்பனிடுமாறு கட்டளையிட்டனர். ஒருவரும் அசையவில்லை. தண்டமாகக் கற்கள் மீது கறுப்புச் சிலுவைக்குறி வரைந்து, இவை அரசுக்குரியவை என்றனர். கல் எதுவும் நகரவில்லை. ஆனாலும் மக்கள் ஏழைகளானார்கள்! பாதை திருந்தியது, குறியும் அழிக்கப்பட்டது. இதை வேடிக்கைக் கதையாகச் சொல்வது வழக்கம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டன் பெயர் சொல்லும் கல்லிலே பிறன் குறி வைப்பது வேடிக்கையா?

பிறகு ஜப்பானியர் வந்தார்கள், அமெரிக்கர் வந்தார்கள். இன்று யாப்பின் அரசியலமைப்பிலே தலைவர்களின் இரு அவைகளுக்கு இடமுண்டு. மரபைப் பாதிக்கும் சட்டத்தை அவை நிராகரிக்கலாம்.

கடலுக்கும் அங்கே உரித்தாளர் உண்டு. மீல் என்னும் கால்வாயிலே படகை நிறுத்திக் காத்திருந்தோம். கொம்புத் திருக்கைகள் வந்தன. 3, 4 மீற்றர் அகலச் செட்டைகளை மெல்ல அசைத்தபடி, சின்னஞ்சிறு மீன்கள் தம் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்ன இடங்கொடுத்து நின்றன. அவற்றைக் காக்க 2008 இல் இங்கே சட்டம் இயற்றப்பட்டது. திரும்பும் வழியில், வற்றுக் கடலிலே அம்பு வடிவில் ஒரு கற்கட்டு. மீன் அடைபட முன்னோர் அமைத்தது. யாருடையது என்று படகோட்டியிடம் கேட்டேன். ஆளின் பெயரை அவர் சொல்லவில்லை. கரையிலுள்ள ஒரு வீட்டு மனையின் பெயரைச் சொன்னார்.