கனடா குளிர்காலம்: வீட்டு வாசலில் கொட்டிய பனியை அகற்றுவது எப்படி? உப்பு எப்போது வேலை செய்யாது? வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு?

கனடாவில் குளிர்காலம் வந்துவிட்டால், காலையில் எழுந்ததும் முதல் வேலை வாசலில் கொட்டிக் கிடக்கும் பனியை அள்ளுவதுதான். டொராண்டோவின் ஸ்கார்பரோ, அதை ஒட்டிய மார்க்கம் பகுதிகளில் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் வசிக்கின்றன. படிக்கப் போன மாணவர்கள் பலர் அங்கே பேஸ்மென்ட் வீடுகளில் வாடகைக்கு இருக்கிறார்கள்.

பார்ப்பதற்குப் பஞ்சு மாதிரி இருக்கும் இந்தப் பனி, முதுகெலும்பையும் இதயத்தையும் சோதித்துவிடும். சில நேரம் கோர்ட் வரைக்கும் இழுத்துவிடும். பனியை எப்போது, எப்படி அகற்ற வேண்டும்? உப்பு எவ்வளவு போட வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

பனி வேறு, ஐஸ் வேறு

மார்கழியில் புல் நுனியில் இருப்பதையும் பனி என்கிறோம், இமயமலையில் இருப்பதையும் பனி என்கிறோம். ஆனால் குளிர் நாடுகளில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். ஒன்று, வானத்தில் இருந்து பொலபொலவென விழும் பனி. இன்னொன்று, தரையோடு ஒட்டிப் பாறை மாதிரி இறுகும் ஐஸ்.

விழுந்த பனியை ஷவலால் எளிதாகத் தள்ளிவிடலாம். அதன் மேல் நாலு பேர் நடந்து, கார் ஏறி இறங்கினால் அழுந்திக் கெட்டியாகிவிடும். பகல் வெயிலில் கொஞ்சம் உருகி, இரவில் மறுபடியும் உறைந்தால் அது ஐஸ். அதற்குப் பிறகு ஷவல் ஏறாது. தரை நிறத்திலேயே கண்ணுக்குத் தெரியாமல் படியும் மெல்லிய ஐஸை 'பிளாக் ஐஸ்' என்கிறார்கள். வழுக்கி விழுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

ஆகவே எல்லா முறைகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: பனியை ஐஸாக மாற விடக் கூடாது. 'வெயில் வந்தா தானா உருகிடும்' என்று விட்டுவைத்தால் வேலை இரட்டிப்பாகும்.

எவ்வளவு எடை இருக்கும்?

3 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம் உள்ள ஒரு டிரைவ்வேயை எடுத்துக்கொள்வோம். அதில் 20 சென்டிமீட்டர் பனி விழுந்தால், மொத்தம் 6 கன மீட்டர். காய்ந்த, லேசான பனி என்றால் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோ. அப்படியானால் அள்ள வேண்டியது 600 கிலோ.

அதுவே ஈரப் பனியாக இருந்தால் ஒரு கன மீட்டர் 300 கிலோ வரை போகும். அப்போது மொத்தம் 1,800 கிலோ. இரண்டு சின்ன கார்களின் எடையைக் கையால் தூக்கிப் போடுவதற்குச் சமம்.

இதனால்தான் மொத்தமாக நின்ற பிறகு அள்ளலாம் என்று காத்திருக்காமல், 5 சென்டிமீட்டர் சேரும்போதே ஒரு தடவை தள்ளிவிடுவது நல்லது. மொத்த எடை குறையாது. ஆனால் ஒரே மூச்சில் சுமக்க வேண்டியதில்லை.

இதயத்துக்கு ஏன் ஆபத்து?

குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் கூடும். அதே நேரத்தில் கைகளால் பாரம் தூக்கும்போது இதயத் துடிப்பு வேகமாகும். பலர் தம் கட்டித் தூக்குவார்கள். அது அழுத்தத்தை இன்னும் ஏற்றும். இதயத்துக்கு ரத்தம் அதிகம் தேவைப்படும் நேரத்தில், வரும் வழி குறுகிப் போகிறது.

கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் 2014 வரையிலான மாரடைப்புத் தரவுகளை ஆய்வு செய்த முடிவுகள் 2017-ல் வெளியாயின. 20 சென்டிமீட்டர் பனி பெய்த மறுநாள், ஆண்கள் மாரடைப்பால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 16 சதவீதமும், மாரடைப்பால் இறக்கும் வாய்ப்பு 34 சதவீதமும் அதிகமாக இருந்தது. பனி அள்ளுவதே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. அமெரிக்காவில் 1990 முதல் 2006 வரை, பனி அள்ளும்போது ஏற்பட்ட காயங்களுக்காக ஆண்டுக்குச் சராசரியாக 11,500 பேர் அவசர சிகிச்சைக்கு வந்ததாக இன்னொரு ஆய்வு சொல்கிறது.

ஏற்கெனவே இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை இருப்பவர்கள் இந்த வேலையை மற்றவர்களிடம் விட்டுவிடுவதே பாதுகாப்பு. ஊரில் இருந்து பிள்ளைகளைப் பார்க்கப் போயிருக்கும் அப்பா, அம்மா 'சும்மாதானே இருக்கோம்' என்று ஷவலைத் தூக்க வேண்டாம். நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடை வலி, திடீர் வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு 911-ஐ அழைக்க வேண்டும்.

அள்ளும் முறை என்ன?

* தூக்குவதைவிடத் தள்ளுவது மேல். தூக்கியே ஆக வேண்டும் என்றால் அரை ஷவல் போதும்.
* முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும். இடுப்பைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் வீசக் கூடாது. பனி போடும் பக்கம் முழு உடம்பும் திரும்ப வேண்டும்.
* ஷவல் தகட்டில் கொஞ்சம் சமையல் எண்ணெய் தடவினால் ஈரப் பனி ஒட்டாது.
* ஒரே தடிமனான கோட்டைவிட இரண்டு, மூன்று அடுக்கு உடைகள் நல்லது. வியர்த்தால் ஒன்றைக் கழற்றலாம்.
* 15 நிமிடத்துக்கு ஒரு முறை ஓய்வு. வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே இறங்க வேண்டாம்.
* தெருவைப் பார்த்து நின்றால், அள்ளிய பனியை வலது பக்கம் குவிக்க வேண்டும். கனடாவில் வண்டிகள் சாலையின் வலது பக்கம் போகும். அதனால் பனி தள்ளும் லாரி உங்கள் இடது பக்கத்தில் இருந்துதான் வரும். இடது பக்கம் குவித்தால் அதே பனியை உங்கள் வாசலுக்கே திரும்பத் தள்ளிவிட்டுப் போய்விடும்.

கொதிக்கும் வெந்நீர் ஊற்றுவது தவறான யோசனை. கடும் குளிரில் அந்தத் தண்ணீரும் உறைந்து, முன்பைவிட வழுக்கலான ஐஸாகிவிடும்.

உப்பு எப்படி வேலை செய்கிறது?

உப்பு சூட்டால் ஐஸை உருக்குவதில்லை. ஐஸின் மேல் இருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் கரைந்து உப்புநீராகிறது. உப்புநீர் உறைவதற்கு 0 டிகிரி போதாது, இன்னும் அதிகக் குளிர் வேண்டும். அதனால் ஐஸ் கொஞ்சம் கொஞ்சமாக உருகி, தரையில் இருந்து விடுபடுகிறது. பிறகு ஷவலால் தள்ளிவிடலாம். அதாவது முதலில் அள்ள வேண்டும், மிச்சம் இருக்கும் ஐஸுக்குத்தான் உப்பு.

சாதாரணப் பாறை உப்பு மைனஸ் 9 டிகிரி வரைதான் உருப்படியாக வேலை செய்யும். அதற்குக் கீழே போனால் எவ்வளவு கொட்டினாலும் வீண்தான். மெக்னீசியம் குளோரைடு சுமார் மைனஸ் 15 வரையும், கால்சியம் குளோரைடு மைனஸ் 25-க்குக் கீழும் வேலை செய்யும். ஆனால் விலை அதிகம். அவ்வளவு குளிரில் மணல் தூவுவது எளிய வழி. மணல் ஐஸை உருக்காது, காலுக்குப் பிடிமானம் தரும்.

அளவும் முக்கியம். சுமார் 6 மீட்டர் நீள டிரைவ்வேக்கு ஒரு காபி மக் உப்பு போதும். உப்புக் கற்களுக்கு இடையே இடைவெளி தெரிய வேண்டும். குவியலாகக் கிடந்தால் அது விரயம்.

அந்த உப்பு எங்கும் போய்விடாது. உருகிய நீரோடு ஓடைக்கும் ஏரிக்கும் போய்ச் சேரும். நீர்வாழ் உயிரினங்களுக்காகக் கனடா வைத்திருக்கும் நீண்டகால குளோரைடு வரம்பு லிட்டருக்கு 120 மில்லிகிராம். ஒரு டீஸ்பூன் உப்பு, சுமார் 20 லிட்டர் நன்னீரை அந்த வரம்புக்கு மேலே கொண்டுபோய்விடும். சாலைகளில் கொட்டப்படும் உப்பு சுற்றுச்சூழலுக்குத் தீங்கானது என்று கனடா அரசின் மதிப்பீடு 2001-லேயே சொல்லிவிட்டது. நாய்களின் பாதங்களையும், புதிதாகப் போட்ட கான்கிரீட்டையும் உப்பு கெடுக்கும்.

மெஷின் இருந்தால் கவலை இல்லையா?

பனியை உறிஞ்சித் தூர வீசும் ஸ்னோ ப்ளோவரை 1925-ல் உருவாக்கியவர் கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிகார். வேலையை எளிதாக்கும் இந்த மெஷின், விரல்களைப் பறித்தும் விடும். குழாயில் பனி அடைத்துக்கொண்டால் கையை விடவே கூடாது. இன்ஜினை அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் இறக்கை இறுக்கத்தில் நின்று, அடைப்பு நீங்கியதும் சட்டென்று சுற்றலாம். குச்சியால்தான் தள்ள வேண்டும்.

மூடிய கராஜுக்குள் மெஷினையோ காரையோ ஓட விடக் கூடாது. அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, உயிரைப் பறித்துவிடும். வீட்டுச் சுவரில் இருக்கும் ஹீட்டர் புகைக்குழாயைப் பனி மூடினாலும் இதே ஆபத்து. காரை ஸ்டார்ட் செய்வதற்கு முன் சைலன்சர் வாயில் பனி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம்.

சட்டம் என்ன சொல்கிறது?

டொராண்டோவில் மாநகராட்சி இயந்திரங்கள் சுத்தம் செய்யாத நடைபாதை என்றால், பனி நின்ற 12 மணி நேரத்துக்குள் அதை ஒட்டிய வீட்டின் உரிமையாளர் அகற்ற வேண்டும். பாஸ்டனில் இந்தக் கெடு 3 மணி நேரம்தான். அள்ளிய பனியைச் சாலையில் தள்ளுவது ஒன்டாரியோ போக்குவரத்துச் சட்டப்படி குற்றம்.

வாடகை வீட்டில் யார் அள்ளுவது? ஒன்டாரியோவில் பொது நடைவழி, படிக்கட்டு போன்ற இடங்களைப் பாதுகாப்பாக வைத்திருப்பது வீட்டு உரிமையாளரின் கடமை. பேஸ்மென்ட் வாடகைதாரர் ஒருவர் ஐஸில் வழுக்கி விழுந்த வழக்கில், 2009-ல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் முக்கியத் தீர்ப்பு சொன்னது. பனி அள்ளுவது வாடகைதாரர் பொறுப்பு என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் அந்த நிபந்தனை செல்லாது என்பதே அது. தனி வேலையாக, அதற்கென்று தனி ஒப்பந்தம் போட்டால் மட்டுமே நிலைமை மாறும்.

தனியார் இடத்தில் பனியிலோ ஐஸிலோ வழுக்கி விழுந்து இழப்பீடு கேட்க நினைத்தால், 60 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 2021 ஜனவரி முதல் இந்த விதி அமலில் இருக்கிறது. மாநகராட்சி நடைபாதையில் விழுந்தால் அவகாசம் 10 நாட்கள்தான். ஆகவே அடிபட்டவர்கள் சிகிச்சையோடு சேர்த்து, விழுந்த இடத்தையும் உடனே போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அடுத்த வெயிலில் அந்த ஐஸ் உருகிவிடும், ஆதாரமும் அதோடு போய்விடும்.